கதையில் இல்லாத கழுத்து வலி

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரில் வந்து பேசச் சொல்லித்தான், டொக்டர் பிள்ளைகளைப் படிப்பிக்கிற மெடம் கேட்டார். ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். நோயாளியாக உட்காரச் சொல்லுங்கள், உட்காருகிறேன், நானாக உட்காரச் சொன்னால் முடியாது என்றேன். சிரித்துவிட்டு, அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு எடுக்கிற கடிதத்தில் நம்மைப் பாவனை நோயாளி என்று போடுவார்கள். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் உண்மையான வருத்தக்காரரிடம் போவதற்கு முன்னால் நம்மிடம் பேசிப் பழகுவார்கள். அதுதான் நம் வேலை. நமக்கு ஒரு கதை கொடுப்பார்கள். இன்ன வயது, இன்ன வருத்தம், வீட்டில் இன்னார் என்று இருக்கும். கதைக்குள்ளே ஒரு விசயம் ஒளிந்திருக்கும். பக்குவமாகக் கேட்கிற பிள்ளைக்குத்தான் அது கிடைக்க வேண்டும். நான் தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவேன். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டுத்தான் வழியனுப்புவாள். நெஞ்சு வலி என்றால், "பாத்துப் போயிட்டு வா, பஸ்ஸிலயே வந்துறப் போவுது" என்பாள்.

எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் திகனப் பக்கத்து அம்மா ஒருவர். எனக்கு முன்பே பல வருடம் நோயாளியாக இருந்தவர். முதல் நாள் என்னை மூலையில் உட்கார வைத்து, பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அவரிடம் பேச வந்த மாணவி நல்ல சுறுசுறுப்பு. எப்போது வலிக்கிறது, எந்தப் பக்கம் வலிக்கிறது, சாப்பிட்ட பிறகா, சாப்பிட முன்னாலா என்று கேள்விக்கு மேல் கேள்வி. அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டே தலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அதை ஏன் செய்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை. நேரம் முடிந்தது. வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடி வந்து, அம்மா, கதையில் என்னதான் இருந்தது, சொல்லுங்கள் என்று கெஞ்சியது. "நீங்க கேக்கல்லியே மகள்" என்று முதுகைத் தட்டிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

எனக்கு மனது கேட்கவில்லை. பாவம், ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்றேன். அவர் நின்று சொன்னார்:

"கேட்டா அதச் செல்லுங்க. கேக்காட்டி ஊட்டுக்குக் கொண்டு போங்க. நாளைக்கு மெய்யான வருத்தக்காரி அப்பிடித்தான் கொண்டு போவா."

நீங்கள் எல்லோரும் இளகின மனதுக்காரர்கள் என்று மெடம் சொன்னார். அதனால்தான் இதை முதலில் எழுதினேன். எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போகிற அன்றைக்குத்தான் அதிகமாகப் படிக்கும்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் மெடம் நம் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று கேட்பார். நமக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லலாம். இந்தப் பையன் கெட்டிக்காரன், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று வாய் விடக்கூடாது. பிள்ளைகளை அளப்பது அவர்கள் வேலை. நோயாளி தன் மனதைச் சொல்வதோடு சரி. என்னை மாதிரி கூச்சக்காரிக்கு அது வசதியாகத்தான் இருந்தது, ஒரு தவணை வரைக்கும்.

அந்தத் தவணையில் எனக்குக் கிடைத்தது ஒரு சின்னக் குழு. ஏழெட்டுப் பிள்ளைகள். பெயர் சொல்ல மாட்டேன், பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்வது நம் தொழிலுக்கு ஆகாது. அதில் தமிழ் தெரிந்தது ஒரே ஒரு பிள்ளைக்கு. கிளிநொச்சிப் பக்கத்துப் பெண், மெலிந்த உடம்பு, கேட்டதற்கு மட்டும் "ஓம்" என்று சொல்லும். மற்றவர்கள் சிங்களப் பிள்ளைகள். அவர்களுக்கும் தமிழ் கொஞ்சம் படிப்பித்திருந்தார்கள். வணக்கம், எங்கே நோகிறது, நாக்கை நீட்டுங்கள், அந்தளவுக்கு. அதற்கு மேல் போனால் எல்லோரும் கிளிநொச்சிப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த நாளில் அறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நோயாளிக்கு ஒரு கதிரை, அதற்கு எதிரே டொக்டராக இருக்கிற பிள்ளைக்கு ஒரு கதிரை. பாசையை மாற்றிச் சொல்கிறவர் பக்கத்தில் நிற்பார். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு பிள்ளை வந்து அந்தக் கதிரையில் உட்காரும். கிளிநொச்சிப் பிள்ளை மட்டும் ஒவ்வொரு கிழமையும் நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவளை விட்டால் ஆள் இல்லை. அவளுடைய முறை வந்த கிழமையிலும் மாத்தறைப் பையன் ஒருவன், நல்ல கலகலப்பானவன், அவளைத் தங்கச்சி முறை வைத்து, "நங்கி, இன்றைக்கு எனக்கு மாற்றிச் சொல், உன் முறையை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்வோம்" என்று கெஞ்சினான். அவளும் தலையாட்டிவிட்டு நின்றாள். அந்த அடுத்த கிழமை வரவே இல்லை.

அப்போது என் கதை, தமிழ் மட்டும் தெரிந்த, தூக்கம் வராத அம்மா. அவளுடைய மூத்த மகள் குவைத்துக்கு வேலைக்குப் போய், கொஞ்ச நாளாகத் தகவல் ஒன்றும் இல்லை. கதைக்குள் இருந்த விசயம் அது. ஒருவரும் அதைத் தொடவில்லை. கோப்பி குடிக்கிறீர்களா, பகலில் தூங்குகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். வீட்டில் யார் இருக்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டு, நான் "நானும் அவரும்தாங்க" என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற பிள்ளையின் உதடு திறந்தது. அவளிடம் கேள்வி இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கதிரையில் இருந்தவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு அவன் கேட்டதை மாற்றிச் சொன்னாள்.

வகுப்பு முடிந்து நான் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மெடம் இன்னொரு விரிவுரையாளரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கிளிநொச்சிப் பிள்ளை தானாக ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை, அடுத்தவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு சரி. தவணை முடிவதற்குள் ஒரு நோயாளியையாவது தானாக விசாரிக்காவிட்டால் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு திரும்பச் செய்ய வைப்பதைத் தவிர வழியில்லை என்றார். பாவமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். மெடம் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனையோ அறைகளை எட்டிப் பார்க்க வேண்டியவர். எட்டிப் பார்க்கிற நேரமெல்லாம் அந்தப் பிள்ளை நின்றுகொண்டு மற்றவன் கேள்வியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. மெடத்திடம் போய்ச் சொல்ல வேண்டும், ஆனால் பிள்ளைகளைப் பற்றிப் பேசக்கூடாது. அடுத்த வகுப்பில் எப்படி இருந்தது என்று கேட்டபோது, என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ரெண்டு பேரோட பேசின மாதிரி இருந்துச்சுங்க மெடம். ஒருத்தரோட பேச்சுத்தான் கேட்டுச்சு." மெடம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மாற்றிச் சொல்வது அவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

தவணையின் கடைசி வகுப்பு பெரிய மண்டபத்தில். அந்த வருடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். பிள்ளைகள் உட்காருகிற வாங்குகள் படிப்படியாக ஏறிப் போகும். மேடையிலிருந்து பார்த்தால் முன் வரிசைகளில் முகம் தெரியும், பின்னால் போகப் போகத் தொலைபேசி வெளிச்சம்தான் தெரியும். மெடத்துக்கு அந்த மண்டபம் என்றாலே சலிப்பு. சின்ன அறையில் கேட்கிற பிள்ளைகள் இங்கே வந்தால் கேட்பதில்லை என்பார். அதனால் அன்றைக்குத் தான் பேசாமல், மேடையிலேயே ஒரு நோயாளியை விசாரித்துக் காட்ட வைக்கலாம் என்று முடிவு செய்தார். டொக்டராக மாத்தறைப் பையனைக் கூப்பிட்டார். மாற்றிச் சொல்லக் கிளிநொச்சிப் பிள்ளையைக் கூப்பிட்டார். இரண்டு கதிரை, நடுவில் ஒலிவாங்கி.

கதை புதியது. கொழுந்து பறிக்கிற பெண், பிரசர் இறங்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த குளிசைகளில் ஒன்று, மூத்திரத்தைக் கூடப் போக வைக்கிற குளிசை. மலையில் நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. அதனால் அதை மட்டும் குடிப்பதில்லை. கேட்டால் குடிக்கிறேன் என்றுதான் சொல்வாள். கதையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இளம் வயதில் நானும் அதே மலையில் நின்றவள்தான். ஆனால் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், ஒலிவாங்கியில், இதைச் சொல்ல வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பையன் தன் தமிழில் ஆரம்பித்தான். "அம்மா வணக்கம், நலமாக இருக்கிறீர்களா?" மண்டபம் விசிலடித்தது. எழுந்து குனிந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் கேட்டான், பிள்ளை நின்று மாற்றிச் சொன்னாள். தலை சுற்றுகிறதா, உப்புக் கூடச் சாப்பிடுகிறீர்களா, குளிசை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா. குளிசை என்றதும் நான் குளிசை இருக்கிற பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, "குடிக்கிறேங்க" என்றேன். பையன் அதை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போனான். பிள்ளையின் கண் என் பையில் நின்றது. உதடு திறந்தது. அதே மாதிரி மூடியது.

பின் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டது மேடை வரைக்கும் கேட்டது. பையன் நன்றி சொல்லத் தயாராகிவிட்டான். மெடம் ஒலிவாங்கியை எடுக்க எழுந்தார். எழுந்தவர் வந்து சேர்ந்துவிட்டால் தவணை முடிந்தது, அந்தப் பிள்ளை கீழ் வகுப்புக்குப் போகும்.

நான் கதையை விட்டு வெளியே வர முடியாது. பிள்ளைக்காகப் பரிந்து பேசவும் முடியாது. கதைக்குள் இருக்கிற பெண் என்ன செய்வாள் என்று மட்டும்தான் எனக்கு யோசிக்க அனுமதி. அவளுக்கு விளங்குகிற பாசை பேசுகிறவள் பக்கத்தில் நிற்கிறாள், அவளைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் நிமிர வேண்டும். நான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்:

"அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குதுங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க டொக்டர்."

அவளுக்கு அது உடனே ஏறவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தாள். தமிழ் தெரிந்த பிள்ளைகள் முன் வரிசையில் சிரித்தார்கள். பையனுக்கு என்ன சொன்னேன் என்று விளங்கியதோ, என் முகத்தைப் பார்த்து விளங்கியதோ, எழுந்து கதிரையைத் துடைப்பது மாதிரி ஒரு பாவனை செய்து, அவளை உட்காரச் சொன்னான். மண்டபம் கை தட்டியது. மெடம் பாதி வழியில் நின்றுவிட்டார்.

பிள்ளை உட்கார்ந்தாள். முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒலிவாங்கியைக் கழற்றிப் பையன் கையில் கொடுத்தாள். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து, கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சிங்களத்தில் சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. நடுவில் யாரோ அவர்களை அடக்கினார்கள். அந்தச் சத்தம் வரிசை வரிசையாக இறங்கிப் போய், மண்டபம் அமைதியானது. நான் அங்கே அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்பு கேட்டதில்லை.

"அம்மா, மலைக்குப் போனால் எத்தினை மணிக்குத் திரும்பி வருவியள்?"

"பகலைக்கு ஒருக்கா வருவோங்க. பொறகு போனா நாலு மணிக்கு மேல ஆகும்."

"அதுக்கிடையில ஒண்டுக்குப் போறதெண்டால்?"

எனக்கு நடிக்க வேண்டி இருக்கவில்லை. முகம் சூடானது. "எங்கிட்டுப் போறது டொக்டர். ஆம்பளைங்க நிப்பாங்க. கங்காணி நிப்பாரு."

"அப்ப அந்தக் குளிசை குடிக்கிற நாளில என்ன செய்வியள்?"

"குடிக்கிறதில்லீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் குடிப்பேன்."

அவள் தலையசைத்தாள். ஏன் முன்னால் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. என் பக்கம் குனிந்து, இன்னும் மெதுவாகக் கேட்டாள்: "இதை அவையளுக்குச் சொல்லட்டோ அம்மா?"

எத்தனையோ வருடம் நோயாளியாக இருந்திருக்கிறேன். என் வயிற்று வலியை, மலச்சிக்கலை, புருசன் குடியை எல்லாம் என்னிடமிருந்து வாங்கி, என் கண் முன்னாலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கதையிலும் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

சரி என்று சொன்னால், அவள் கண்டுபிடித்ததை மண்டபம் முழுக்கக் கேட்கும், கை தட்டும், அவளுக்கு நல்லது. வேண்டாம் என்றால், அவள் வெறுங்கையோடு எழும்பி நிற்க வேண்டும். மெடத்தின் பாடமும் பாதியில் போகும். நான் அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்யத்தான் உட்காரச் சொன்னேன். ஆனால் இப்போது அவள் கேட்டது என்னிடம் இல்லை, அந்தக் கொழுந்து பறிக்கிற பெண்ணிடம். அவள் இத்தனை பேருக்கு முன்னால் சரி என்று சொல்வாளா? அவளை எனக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.

"வேணாம் டொக்டர். ஒங்களோட இருக்கட்டும்."

"சரி அம்மா" என்றாள். பையனிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள். உட்கார்ந்தபடியே மண்டபத்தைப் பார்த்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது, பிறகு பையன்தான் சொன்னான். அம்மா காரணத்தைச் சொல்லிவிட்டார். அதை இங்கே சொல்வது அவருக்கு விருப்பமில்லை. அவருடைய வேலைக்கு ஏற்ற மாதிரி மருந்தை மாற்றுவது பற்றிப் பெரிய டொக்டரோடு பேசப் போகிறேன். அவ்வளவுதான். என்ன காரணம் என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

மெடம் வந்து ஒலிவாங்கியை வாங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வழக்கம் போல என்னிடம்தான் திரும்பினார். அம்மாவுக்கு எப்படி இருந்தது?

அத்தனை முகங்கள். பிள்ளை என் முழங்கையைத் தொட்டாள். சொன்னேன்:

"என் விசயம் என்கிட்டயே இருக்குதுங்க மெடம்."

அவள் அதை மாற்றிச் சொன்னாள். கை தட்டல் எதுவும் வரவில்லை. தொலைபேசி வெளிச்சம் ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். மெடம் கதையை அறிந்தவர், ஒரு வரியில் மண்டபத்துக்குச் சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்.

நான் இறங்கும்போது பிள்ளைகள் படியில் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் காரணம் என்ன, என்ன என்று ஒரே நச்சரிப்பு. மாத்தறைப் பையன், நான் கதிரை கொடுத்தவன் இல்லையா, எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கூடவே வந்தான். "வந்து ஒழுங்கா உக்காந்து கேளுங்க" என்றேன். முன் வரிசையில் தமிழ் தெரிந்த பிள்ளைகள் சிலருக்கு நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கும். பிள்ளைகள் பரீட்சைக்குத் தங்களுக்குள்ளே சொல்லிக் கொடுப்பதைக் குப்பி என்பார்கள், நம் கதைகளெல்லாம் அதில்தான் முன்கூட்டியே கசியும். அந்தக் கதை கசியவில்லை. பிறகு சின்னக் குழுக்களில் அதே கதைக்கு நான் உட்கார்ந்தபோது, வந்த பிள்ளைகள் எல்லாம் முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள், மெதுவாகக் கேட்டார்கள், என் கையைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. சிலருக்குக் கிடைக்காமல் நான் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அன்றைக்கு வாசலில் மெடம் என்னை நிறுத்தினார்.

"கழுத்து வலி கதையில் இல்லையே அம்மா" என்றார் சிங்களத்தில்.

"நிமிந்து பாத்ததுல வந்துச்சுங்க மெடம்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

அவர் திரும்பி மேடையில் இருந்த இரண்டு கதிரைகளையும் பார்த்தார். பிறகு, அந்தப் பிள்ளையை இத்தனை நாளும் நிற்க வைத்தே பார்த்திருக்கிறேன் என்றார். அது என்னிடம் சொன்னதா, தனக்குள் சொன்னதா தெரியாது. இப்போது நீங்கள் போகிற அறைகளில் நோயாளிக்கு எதிரே இரண்டு கதிரைகள் போட்டிருக்கும். மாற்றிச் சொல்கிறவரும் உட்காருவார், அவருக்கும் கேட்க நேரம் கொடுப்பார்கள். அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்குக் கொடுக்கிற கதையை மாற்றாதீர்கள். ஆனால் கதையில் எழுதாத உடம்பு ஒன்று உங்களுக்கு இருக்கிறது. கழுத்து, கை, முந்தானை. யார் பக்கம் திரும்புகிறீர்கள், யாரை டொக்டர் என்று கூப்பிடுகிறீர்கள் என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு இரக்கப்பட்டு அதைச் செய்யாதீர்கள். அந்த நோயாளி செய்வாளா என்று கேட்டுப் பார்த்துச் செய்யுங்கள்.

கிளிநொச்சிப் பிள்ளை கீழ் வகுப்புக்குப் போகவில்லை. அவள் முறைக்காக மெடம் மேலதிகமாக ஒரு வகுப்பு வைத்தார். கதை, பழையபடி தூக்கம் வராத அம்மா. நான் உட்கார்ந்திருந்தேன். மாத்தறைப் பையன் தானாகவே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து உட்கார்ந்தாள். எல்லோரும் முதல் கேள்விக்குக் காத்திருந்தார்கள்.

"அம்மா, கழுத்து நோ இப்ப எப்பிடி இருக்கு?"

கதையில் இல்லாத கேள்வி. அறை முழுக்கச் சிரித்தது. மெடமும் சிரித்தார்.

"இப்ப பரவாயில்லீங்க டொக்டர்" என்றேன். பிறகு குவைத்தில் இருக்கிற மகளைப் பற்றி அவளிடம் சொன்னேன்.